எட்ட நின்று காணல்

பார்ப்பதற்கும் ஒரு கல்வி வேண்டுமோ என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கண் இருக்கிறது, எதிரே பொருள் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போவதுதானே! ஆனால் பார்க்கப்படும் பொருள் உயிருள்ள ஒரு விலங்காய், அது தன் இரையைத் தேடி அலைவதாய், நாம் போய் நின்ற மாத்திரத்தில் அந்தத் தேட்டம் கெட்டுவிடுவதாய் இருக்குமானால், பார்த்தல் என்பது அத்துணை எளிய செயல் அன்று. அதற்கும் பயிற்சி வேண்டும். சில வேளைகளில் சட்டமும் வேண்டும். அப்படிச் சட்டம் போட்டுப் பார்க்கும் ஓர் இடத்துக்கு உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

நார்வே நாட்டின் வடகரைக்கும் வடதுருவத்துக்கும் ஏறத்தாழ நடுவழியில், ஆர்க்டிக் மாகடலில் ஒரு தீவுக் கூட்டம் கிடக்கிறது. அதன் பெயர் ஸ்வால்பார்டு. அத்தீவுகளுள் மிகப் பெரியது ஸ்பிட்ஸ்பெர்கன். கூரிய மலைகள் என்பது அப்பெயரின் பொருள். 1596-ஆம் ஆண்டில் அவ்வழியே வந்த வில்லெம் பாரென்ட்ஸ் என்னும் டச்சு மாலுமி, கண்ணில் பட்டதையே பெயராக வைத்துவிட்டார். நிலத்தின் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடியுள்ளன. நெடிது வளரும் மரம் ஒன்றும் இல்லை. வில்லோ என்று ஒரு மர வகை உண்டு. ஆனால் அது விரல் உயரத்துக்கு மேல் எழாமல் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். மரத்தின் மேல் நடந்து செல்லும் நாடு என்று அதைச் சொன்னால் பொய்யாகாது. அங்குள்ள தலைமை ஊராகிய லாங்இயர்பியெனில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரையில் கதிரவன் மறைவதே இல்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் வெயில் காயும். நம் ஊர் வெயில் அன்று. கம்பளிச் சட்டையைக் கழற்றத் துணிவு தராத வெயில்.

இந்தத் தீவுகளுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1920-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. அந்த உடன்படிக்கையில் அன்றைய இந்தியாவின் சார்பிலும் கையெழுத்து இடப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையமான ‘ஹிமாத்ரி’ அங்கே நியூ-ஒலெசுண்டு என்னும் சிற்றூரில் திறக்கப்பட்டது. ஆகவே உங்களுள் அறிவியல் பயில்வோர் எவரேனும் ஒரு நாள் அங்கே போய்ச் சேரவும் கூடும்.

கோடைக் காலத்தில் அத்தீவுகளைச் சுற்றிச் சிறு கப்பல்கள் பயணம் செல்கின்றன. சிலவற்றில் பன்னிரண்டு பயணிகளே இருப்பர். சிலவற்றில் நூறு பேர் வரை இருப்பர். மிதக்கும் பனிக்கட்டியின் மோதலைத் தாங்குமாறு வலுப்படுத்திய உடல் அக்கப்பல்களுக்கு உண்டு. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் மிதக்கும் மாளிகைகளும் ஆர்க்டிக் கடலில் உலவுவது உண்மையே. ஆனால் அம்மாளிகைகளிலிருந்து காணக்கூடியது மலையும் கடலுமே. குறுகிய கடற்கழிகளுள் நுழையவும், பனியின் ஓரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு அசையாமல் கிடக்கவும் சிறிய கப்பலே ஏற்றது. கரைக்குச் செல்ல வேண்டுமானால், காற்றடைத்த ரப்பர்ப் படகில் பத்துப் பேராக இறங்கிச் செல்ல வேண்டும். முன்னே துப்பாக்கியோடு காவலர் சென்று பனிக்கரடி எதுவும் இல்லை என்று கண்ட பிறகே மற்றவர் கால் வைக்கலாம்.

முதலில் பறவைகளிடம் செல்வோம்.

ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் அதன் வடகிழக்குத் தீவுக்கும் இடையே ஹின்லோபென் என்றொரு நீரிணை உண்டு. அதன் கரையில் அல்கெஃபியெல்லெட் என்னும் பாறைச் சுவர் நூறு மீட்டர் அளவுக்கு நிமிர்ந்து நிற்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். பறவை மலை என்று நாம் வைத்துக்கொள்வோம். அதைக் கண் காணுமுன்பே மூக்கும் காதும் அறிந்துவிடும். அவ்வளவு எச்சத்தின் நாற்றம்; அவ்வளவு இரைச்சல். ஏறக்குறைய அறுபதினாயிரம் இணைப் பறவைகள் அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. கில்லிமாட் என்பது அவற்றின் பெயர். முதுகு கருமை, வயிறு வெண்மை; கறுப்புக் கோட்டு அணிந்த வக்கீல்கள் வரிசையாக நிற்பது போலத் தோன்றும்.

கில்லிமாட் கூடு கட்டுவதில்லை. சாண் அகலப் பாறை விளிம்பில் வெறுங்கல்லின் மேல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. ஒரு முனை அகன்று மறு முனை கூராகப் பேரிக்காய் போல இருக்கும் அம்முட்டை, உருண்டாலும் வட்டமிட்டு அவ்விடத்திலேயே நின்றுவிடும் என்று நூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் அதை மறுத்து, சரிவான பாறையில் அசையாமல் படிந்து கிடப்பதற்கே அவ்வடிவம் உதவுகிறது என்கின்றனர். நூலில் அச்சாகிவிட்டது என்பதற்காக முட்டை அதற்குக் கட்டுப்படாது அல்லவா?

குஞ்சு பொரித்து மூன்று வாரம் ஆனதும், சிறகு முற்றாத நிலையிலேயே, அது விளிம்பின் ஓரத்துக்கு வந்து கீழே கடலை நோக்கிக் குதித்துவிடுகிறது. பறக்கத் தெரியாது, சிறு சிறகுகளை விரித்துச் சறுக்கி விழுகிறது. உடனே தந்தைப் பறவையும் பின்னே இறங்கும். இருவரும் ஒருவரை ஒருவர் குரலால் அறிந்து, நீரில் சேர்ந்து, தெற்கு நோக்கி நீந்தத் தொடங்குவர். தாயன்று, தந்தையே உடன் செல்கிறது என்பதைக் கவனியுங்கள். தவறித் தரையில் விழுந்த குஞ்சுக்குக் கீழே பனி நரி காத்திருக்கிறது. அந்த நரிக்கும் அதன் குட்டிகளுக்கும் நீண்ட குளிர்காலத்துக்கு வேண்டிய உணவில் ஒரு பங்கு அந்தச் சில நாட்களில் கிடைக்கும். குஞ்சுக்காக நாம் வருந்தினால் நரிக்குட்டிக்காக யார் வருந்துவது என்ற கேள்வி எழும். அதனை அவ்விரண்டிடமே விட்டுவிடுவது நல்லது.

இங்கே மனிதன் செய்யக்கூடிய கேடு வேறு. திடீரென ஒரு பேரொலி எழுந்தால், அடைகாக்கும் பறவைகள் ஆயிரக்கணக்கில் ஒருசேர எழும்பும். எழும்பும் வேகத்தில் முட்டைகளும் குஞ்சுகளும் விளிம்பிலிருந்து தள்ளப்பட்டு விழும். ஆதலால் பறவை மலைகளிலிருந்து ஒரு கடல் மைல் தூரத்துக்குள், ஏப்ரல் முதல் ஆகஸ்டு முடிய, கப்பலின் ஊதலை ஒலிப்பதும் துப்பாக்கி வெடிப்பதும் அங்கே குற்றம். 500 மீட்டருக்குள் செல்லும் படகு மணிக்கு ஐந்து கடல் மைலுக்கு மேல் ஓடக்கூடாது. நாம் மெல்ல ஓடும் வேகமே அது.

இனி ஸ்பிட்ஸ்பெர்கனின் வடமேற்கு மூலைக்குச் செல்வோம். அங்கே ஆம்ஸ்டர்டாம் தீவு என்று ஒன்று இருக்கிறது. அதன் கடற்கரை தட்டையான மணல்வெளி. மணலில் பழுப்பு நிறத்தில் பெரும் மூட்டைகளை அடுக்கி வைத்தது போல் ஏதோ கிடக்கும். நெருங்கிச் சென்றால் ஒரு மூட்டை தலையைத் தூக்கும். இரண்டு நீண்ட வெண்தந்தங்கள் தெரியும். அவை வால்ரஸ் என்னும் கடல் விலங்குகள். ஆண் வால்ரஸ் ஆயிரம் கிலோவுக்கு மேலும் எடை உள்ளது. ஆயினும் அது உண்பது பெரும்பாலும் கடலடியில் புதைந்து கிடக்கும் சிப்பிகளையே. மீசை மயிரால் சேற்றைத் தடவித் தடவிச் சிப்பியைக் கண்டு, உள்ளிருக்கும் சதையை உறிஞ்சி எடுத்து, ஓட்டை அங்கேயே விட்டுவிடும். குளிர்நீரிலிருந்து வெளியே வந்தவுடன் வெளிறித் தோன்றும். வெயிலில் கிடக்கக் கிடக்க, தோலுக்கு இரத்தம் ஏறிச் செங்கல் நிறமாகும். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, முனகி, தந்தத்தால் பக்கத்தாரை இடித்து, மறுபடி உறங்கிவிடும். பண்டிகை நாளில் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு அக்காட்சி புதிதாய் இராது.

அதே மணலில், வால்ரஸ்கள் கிடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கல்லும் மணலும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய வட்டங்கள் சில தரையில் தெரிகின்றன. அவைதாம் ஸ்மீரென்பர்க். கொழுப்பு நகரம் என்பது அதன் பொருள். 1619-ஆம் ஆண்டளவில் டச்சுக்காரர் அங்கே அடுப்புகளை நாட்டினர். கடற்கழிகளில் பிடித்த திமிங்கிலங்களைக் கரைக்கு இழுத்து வந்து, கொழுப்பை அறுத்துச் செப்புக் கொப்பரைகளில் காய்ச்சினர். அந்த எண்ணெய் ஐரோப்பிய நகரங்களின் விளக்குகளில் எரிந்தது, சவர்க்காரம் ஆயிற்று. சிந்திய கொழுப்பும் மணலும் கலந்து கல்லாய் உறைந்துவிட்டது. நானூறு ஆண்டுகள் ஆகியும் அது கரையவில்லை. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரம், கடைவீதிகள் இருந்த நகரம் என்றெல்லாம் பிற்காலத்தில் கதைகள் பரவின. தோண்டிப் பார்த்தவர்கள், கோடையில் இருநூறு பேர் அளவில் வேலை செய்த ஒரு பட்டறையே அது என்று கண்டனர். அந்தப் பட்டறை நாற்பது ஆண்டுகளில் ஓய்ந்தது. கடற்கழியில் திமிங்கிலம் தீர்ந்துபோயிற்று. வேட்டைக் கப்பல்கள் பனியின் ஓரத்தை நாடி வெளிக்கடலுக்குச் சென்றன.

திமிங்கிலத்துக்கு நேர்ந்தது வால்ரஸுக்கும் நேர்ந்தது. தந்தத்துக்காகவும் தடித்த தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் அதனை முந்நூற்றைம்பது ஆண்டுகள் கொன்றனர். ஓடத் தெரியாத விலங்கு. கடற்கரையில் கூட்டமாகக் கிடக்கும் விலங்கு. கடலோரம் கிடந்தவற்றை முதலில் ஈட்டியால் குத்திச் சாய்த்தால், அந்தப் பிணங்களே மதிலாகிப் பின்னே உள்ளவை நீருக்குத் தப்பாமல் அடைபட்டுவிடும். 1952-ஆம் ஆண்டில் நார்வே அரசு வால்ரஸ் வேட்டையை ஸ்வால்பார்டில் அறவே தடை செய்தபோது எஞ்சியிருந்தவை ஏறத்தாழ ஒரு நூறே என்பர். பின்னர் வானூர்தியிலிருந்து எடுத்த கணக்கின்படி 2006-ஆம் ஆண்டில் 2,600 அளவிலும், 2018-ஆம் ஆண்டில் 5,500 அளவிலும் இருந்தன. யாரும் அவற்றுக்குத் தீனி போடவில்லை. யாரும் அவற்றை வளர்க்கவில்லை. கொல்லாமல் விட்டார்கள், அவ்வளவே.

இன்று அந்த மணலில் இறங்கும் பயணி காற்றின் போக்கை அறிந்து, மனித வாடை விலங்கை எட்டாத பக்கமாக, ஒரே கூட்டமாக மெதுவாக நடந்து, வழிகாட்டி கை காட்டிய இடத்தில் நிற்க வேண்டும். ஒரு வால்ரஸ் தலையைத் தூக்கினால் அனைவரும் நிற்பர். பல தலைகள் எழுந்தால் பின்வாங்குவர். ஏனெனில் ஒன்று அஞ்சிக் கடலுக்குப் பாய்ந்தால் எல்லாம் பாயும். நெரிசலில் கன்று நசுங்கும். 1946-ஆம் ஆண்டுக்கு முந்திய மனித அடையாளம் ஒவ்வொன்றும் ஸ்வால்பார்டில் சட்டத்தின் காப்பில் உள்ளது. ஆகவே அக்கொலைக்களத்தின் ஓர் எலும்பைக்கூட நினைவுக்கென்று எடுத்து வர முடியாது.

நேயர்களே, ஆர்க்டிக் பயணம் செல்வோரிடம் என்ன காண விழைகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் பனிக்கரடி என்றே விடை பகர்வர். கப்பலின் மேல்தட்டில் வழிகாட்டிகள் முறை வைத்துக்கொண்டு, மணிக்கணக்காகத் தொலைநோக்கியில் பனிப்பரப்பைத் துழாவுவர். பனிக்கரடி முழு வெண்மை அன்று. பாலாடை போன்ற இளமஞ்சள். தேடுபவருக்கு உதவுவது அந்தச் சிறு நிற வேறுபாடுதான். மலைச்சரிவில் மஞ்சள் பூத்த கற்கள் எத்தனையோ கரடிகளாக அறிவிக்கப்பட்டு, பயணிகள் ஓடிவந்து பார்த்துத் திரும்பியதும் உண்டு.

கரடியின் வாழ்வு கடற்பனியில் இருக்கிறது. சீல் என்னும் கடல்விலங்கு மூச்சுவிடுவதற்காகப் பனிப்பரப்பில் துளை வைத்திருக்கும். அத்துளையின் ஓரத்தில் கரடி அசையாமல், சில வேளை மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கும். சீல் தலை காட்டும் அந்த ஒரு நொடியில் பாய வேண்டும். அல்லது பனியின் மேல் படுத்துறங்கும் சீலை நோக்கி வயிற்றால் ஊர்ந்து நெருங்க வேண்டும். பல முயற்சிகளில் ஒன்றுதான் பலிக்கும். இளவேனிற் காலத்தில் சீல்கள் குட்டி ஈன்றிருக்கும் சில வாரங்களில் தேடிக்கொள்ளும் கொழுப்பை நம்பியே ஆண்டின் பெரும்பகுதியை அது கடத்துகிறது. அதே காலத்தில்தான் தாய்க் கரடி மாதக்கணக்காக ஒன்றும் உண்ணாமல் பனிக்குகையில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வெளியே வருகிறது. அப்படி வந்த ஒரு தாய் சீலை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும்போது, அரை மைல் தூரத்தில் ஒரு கப்பல் தோன்றி, எஞ்சின் ஒலி பனியில் பரவி, சீல் நீருக்குள் நழுவிவிட்டால், அந்தக் கரடி இழந்தது என்ன? கப்பலில் இருப்பவருக்கு அதுவும் ஓர் அழகிய புகைப்படமே.

ஒரு காலத்தில் இதே போன்ற சிறு கப்பல்களில் செல்வர் பலர் துப்பாக்கியோடு வந்து, மேல்தட்டில் நின்றபடியே கரடிகளைச் சுட்டு, தோலைச் சுவரில் மாட்டிக்கொண்டனர். 1973-ஆம் ஆண்டில் கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து நாடுகளும் ஆஸ்லோ நகரில் கூடிப் பனிக்கரடியைக் காக்க உடன்பட்டன. அரசியலில் எதிர் எதிரே நின்ற நாடுகள் ஒரு விலங்கின் பொருட்டு ஒரே தாளில் கையெழுத்திட்டன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஸ்வால்பார்டில் வேட்டை நின்றது. துப்பாக்கிக்குப் பதிலாகக் காமிரா வந்தது.

காமிராவால் தீங்கு இல்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வடகோடியிலுள்ள ஏழு தீவுகளுள் ஒன்றில் ஒரு பயணக் கப்பலின் காவலர்கள், பயணிகளை இறக்குமுன் கரையைச் சோதிக்கச் சென்றனர். அவர்கள் கண்ணில் படாதிருந்த ஒரு கரடி பாய்ந்து ஒருவரைக் காயப்படுத்தியது. விரட்டிப் பார்த்தும் பயனின்றி, மற்றவர்கள் அதைச் சுட்டுக் கொன்றனர். காவலரின் உயிரைக் காக்க வேறு வழி இல்லாதிருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் உலகெங்கும் மக்கள் ஒன்றையே கேட்டனர்: அந்தக் கரடியின் கரைக்கு நாம் போனது எதற்காக? அதைப் பார்ப்பதற்காக.

2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடியவுள்ள நான்கு மாதங்களில், நாம் முன்பு கண்ட அந்தத் தாயும் குட்டியும் உலவும் காலத்தில், 500 மீட்டர். அதற்குள் கரடி இருப்பது தெரிந்தால் கப்பல்தான் பின்வாங்க வேண்டும். காப்பிடப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக்கூடாது. அங்கே குறிக்கப்பட்ட 43 இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம்.

இவ்விதிகளைக் குறைகூறியவர்கள் பலர். 500 மீட்டர் தொலைவில் கரடி ஒரு நெல்மணி அளவாகத் தெரியும். அதற்காகவா இவ்வளவு பொருள் செலவழித்து வந்தோம் என்று கேட்டனர் பயணிகள். நேரில் கண்டவனே அதைக் காக்க முன்வருவான். காட்சியைத் தடுத்தால் கருணையும் குன்றும் என்றனர் கப்பல் நடத்துவோர். இரண்டாவது வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அதில் உண்மை உண்டு. ஆனால் பார்க்க வந்த கப்பலும் எண்ணெய் எரித்தே வருகிறது. நாம் எரிக்கும் எண்ணெயாலும் நிலக்கரியாலும் பூமி வெப்பம் அடைகிறது. 1979-ஆம் ஆண்டிலிருந்து ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகி வந்துள்ளது என்று 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஸ்வால்பார்டின் கிழக்கே ஹோபென் என்னும் தீவில், இலையுதிர் காலத்துக் கடற்பனி தாமதமாக வந்த ஆண்டுகளில், தாய்க் கரடிகள் அங்கே குகை தோண்டுவது மிகக் குறைந்துபோயிற்று. பனிப்பாலம் இல்லாமல் அவை அத்தீவுக்கு எப்படி வரும்? கருணை ஒரு கணக்கு. எண்ணெய் மற்றொரு கணக்கு. ஒன்றை வரவு வைத்து மற்றதைக் கழித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நெல்மணி அளவில் கரடியைக் கண்டவனும் கரடியைக் கண்டவனே. அது தன் போக்கில் நடப்பதைக் கண்டவன், அதன் மறுப்பக்கமும் அறிந்தவன் ஆவான். நம்மை நோக்கி மூக்கைத் தூக்கி நிற்கும் கரடியோ தன் வேலையை விட்டுவிட்ட கரடி.

நேரம் நெருங்கிவிட்டது. ஸ்மீரென்பர்க் அடுப்புகளில் காய்ச்சப்பட்ட திமிங்கிலத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். வில்தலைத் திமிங்கிலம் என்று அதனைக் கூறலாம். மெல்ல நீந்தும், கொன்றால் மூழ்காமல் மிதக்கும், தோலின் கீழ் ஒரு முழக் கனத்துக்குக் கொழுப்பு. வேட்டைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? பல்லாயிரமாய் இருந்த அவ்வினம் அக்கடலில் முற்றும் அழிந்தது என்றே இருபதாம் நூற்றாண்டில் பலரும் கருதினர். சிறு கப்பல்களில் செல்வோருக்கும் அது தென்படுவது அரிது. ஆனால் ஸ்வால்பார்டுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே உள்ள ஃபிராம் நீரிணையில் ஆராய்ச்சியாளர்கள் ஒலிவாங்கி ஒன்றைக் கடலுக்குள் இறக்கி வைத்தனர். 2010-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரையில், எந்தக் கப்பலும் நுழையாத பனியின் கீழே, அக்கருவி அத்திமிங்கிலங்களின் பாடலை நாள்தோறும், இருபத்து நான்கு மணி நேரமும் பதிவு செய்தது. எண்ணிப் பார்த்தபோது 184 வெவ்வேறு பாடல்கள் இருந்தன. ஓர் ஆண்டின் பாடல் மறு ஆண்டில் வரவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய விலங்கு அது. பாடியவற்றுள் சில, பாய்மரக் கப்பல்கள் வேட்டைக்கு வந்த காலத்திலேயே பிறந்தவையாகவும் இருக்கலாம். அவற்றை அங்கே எவரும் பார்க்கவில்லை. கேட்டார்கள், வானொலிப் பெட்டியின் முன் நீங்கள் இப்போது அமர்ந்திருப்பது போல.